தம் போட்ட சுண்ணாம்பு

"எழுபத்தாறு" என்றார் மாமா.

சிதம்பரத்தில் அக்கா வீட்டுக் கொல்லை. மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கடையில் போட்டுக்கொள்ளும் லென்ஸ் வலது கண்ணில் இருந்தது, இடது கண்ணை மூடியிருந்தார். அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் ஒரு பழைய வனஸ்பதி டின். டின்னைச் சுற்றி இரண்டு சுற்று கோணிச் சாக்கு. மூடி ஓரமெல்லாம் மைதா மாவு பூசியிருந்தது. மூடியின் நடுவில் ஆணியால் அடித்த ஓட்டை, அதிலிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு தெர்மாமீட்டர்.

"எழுபத்தொம்போது... இரு, இரு... எம்பத்திரெண்டு."

நான் எதிரில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். மார்கழி வெயில், மணி பத்து இருக்கும். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இந்தத் தொடரில் என் முட்டாள்தனங்கள் பலதை எழுதியிருக்கிறேன், படித்துச் சிரித்திருப்பீர்கள். இதற்குச் சிரிக்க முடியாது.

கடிதம் போட்டவர்களுக்கு

தனம் அக்காவைப் பற்றிப் போன வாரம் எழுதியபோது, "அக்கா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டேன். ஏன் பேசவில்லை என்று கேட்டு நாலைந்து கடிதங்கள் வந்துவிட்டன. பண்ருட்டியிலிருந்து ஒரு அம்மா, "சொத்துத் தகராறா?" என்றே கேட்டிருக்கிறார். சொத்தா! எங்களிடம் தகராறு பண்ண ஏதம்மா சொத்து?

தாண்டியது வேண்டுமென்றேதான். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு ரசாயனம் சொல்லிக் கொடுத்தவள் நான். இந்தக் கதையை ஒரு வகுப்பில்கூடச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் குக்கர் வாங்கவே நான் விடவில்லை என்று என் மருமகள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இதைப் படித்தால் அவளுக்கும் தெரிந்துவிடும், தெரியட்டும்.

சூடு எங்கே போச்சு?

அப்போது நான் காலேஜில் பி.எஸ்ஸி. கடைசி வருஷம். அப்பா அம்மா கடலூர்ப் பக்கம் நிலத்தோடு இருந்தார்கள். நான் சிதம்பரத்தில் அக்கா வீட்டில் தங்கிப் படித்தேன். அக்கா புருஷன் ரத்தினம் மாமாவுக்குத் தெற்கு வீதியில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடை. கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்டூல், ஒரு லென்ஸ், அவ்வளவுதான். அந்த லென்ஸை வலது கண்ணில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாரானால் கடுகில் பாதி இருக்கிற ஸ்க்ரூவையும் நடுங்காமல் எடுத்து வைப்பார். வீட்டில் மூன்று பேரும் சாப்பிட்டது அந்த ஒரு கண்ணில்தான். இதை நான் அழகுக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான்.

காலேஜ் லாபரட்டரியில் ஒரு பரிசோதனை உண்டு. அமிலத்தையும் காரத்தையும் கலந்தால் எவ்வளவு சூடு கிளம்புகிறது என்று அளக்க வேண்டும். செம்புக் கிண்ணம், அதைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சைச் சுற்றி மரப்பெட்டி. கலோரிமீட்டர் என்பார்கள். கிளம்புகிற சூடு வெளியே ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதில் சாமர்த்தியமே.

எனக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் புத்தகத்தில் போட்டிருப்பதைவிடக் குறைவாகவே வந்தது. டெமான்ஸ்ட்ரேட்டர் என் நோட்டைத் தூக்கிப் பிடித்து, "ஏம்மா வசந்தா, மீதிச் சூடெல்லாம் எங்கம்மா? வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டியா?" என்றார். வகுப்பில் பையன்கள் முப்பது பேர், பெண்கள் நாங்கள் மூன்றே பேர். அவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, காது மடல் எரிந்தது.

இருங்கடா, ஒரு சொட்டுச் சூடு வெளியே போகாமல் அளந்து காட்டுகிறேன் என்று கறுவிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மைதா மாவு

பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்க வேண்டுமே. கிள்ளைப் பக்கத்திலிருந்து வண்டிக்காரர் ஒருவர் கிளிஞ்சல் சுண்ணாம்பு கொண்டுவந்து மரக்காலில் அளந்து போட்டுவிட்டுப் போவார். சூளையில் கரி போட்டுச் சுட்ட கிளிஞ்சல். கையில் எடுத்தால் ஒன்றுமில்லை, வெள்ளைக் கட்டி, ஆறிப்போயிருக்கும். ஆனால் சூளையில் வாங்கின சூடு உள்ளேயே இருக்கும். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும், அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிடும். தளதளவென்று கொதிக்கும். அதை நீத்துவது என்பார்கள்.

வருஷா வருஷம் அக்காதான் நீத்துவாள். கொல்லையில் பெரிய மொடாவை வைத்து, கட்டிகளைப் போட்டு, அண்டாத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிவிட்டு ஒதுங்கி நிற்பாள். கொதித்து அடங்கும். ஒரு வருஷமும் ஒன்றும் ஆனதில்லை.

அந்த வருஷம் நான் குறுக்கே புகுந்தேன். "அக்கா, கொஞ்சம் எனக்குக் குடு. காலேஜுக்கு வேணும்" என்றேன். லாபரட்டரி அட்டெண்டரைக் கெஞ்சி ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்திருந்தேன். சுண்ணாம்பையும் தண்ணீரையும் மளிகைத் தராசில் நிறுத்தேன். தண்ணீர் ஜாஸ்தியானால் சூடு அதில் பரவிப்போய் தெர்மாமீட்டர் ஏறாதே, அதனால் தண்ணீரைக் குறைத்தேன். டின்னுக்குச் சாக்கு சுற்றினேன். மூடி ஓரத்தில்தான் இடைவெளி. என்ன செய்யலாம் என்று யோசித்தபோது பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா ஞாபகம் வந்தது.

நூர்ஜஹான் அக்காவுக்குச் சொந்த ஊர் பரங்கிப்பேட்டை, புருஷன் சிங்கப்பூரில். ஐந்து மாதக் கைக்குழந்தையோடு மாமியார் வீட்டில் இருந்தார். அவர் பிரியாணி செய்தால் சட்டி மூடியைச் சுற்றி மைதா மாவைப் பிசைந்து ஒட்டிவிடுவார். தம் போடுவது. ஆவி ஒரு இழை வெளியே வராது. நான் போய்க் கேட்டதும் ஒரு உருண்டை மாவு கொடுத்து, "என்னா, நீ பிரியாணி ஆக்கப் போறியா?" என்று சிரித்தார்.

நான் மாவை ஒட்டிக்கொண்டிருந்தபோது அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, அதப் போயி மூடுற? சுண்ணாம்பு மூச்சு வுடணும்டி."

"சுண்ணாம்புக்கு மூக்கு எங்கக்கா இருக்கு?" என்றேன் நான்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா ஆறாம் வகுப்போடு நின்றவள், நான் பி.எஸ்ஸி. அந்தத் திமிர்தான், வேறென்ன.

தொண்ணூற்றாறு

முதலில் பத்து நிமிஷம் ஒன்றுமே நடக்கவில்லை. பாதரசம் முப்பதுகளிலேயே நின்றது. சில சுண்ணாம்பு அப்படித்தான், ரொம்பச் சுட்டிருந்தால் தூங்கிவிட்டு மெதுவாக எழும். நான் சோர்ந்துபோன முகத்தைப் பார்த்துத்தான் மாமா கடைக்குக் கிளம்பாமல் நின்றார். "நகரு, நான் பாக்குறேன். அர டிகிரி ஏறுனாலும் இந்தக் கண்ணுக்குத் தப்பாது" என்று லென்ஸை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பிறகு ஏறத் தொடங்கியது. நாற்பது. ஐம்பத்தைந்து. எழுபத்தாறு. நான் எழுதி முடிப்பதற்குள் அடுத்த எண்ணைச் சொன்னார்.

"தொண்ணூறு... தொண்ணூத்தி மூணு."

தெர்மாமீட்டரைச் சுற்றி நான் அடைத்திருந்த துணி வழியாகக் கொஞ்சம் ஆவி கசிந்தது. லென்ஸில் அது படிந்தது. "சே, மங்குதே" என்று சொல்லி மாமா லென்ஸைக் கழற்றி மடியில் வைத்தார். லென்ஸ் இல்லாததால் இன்னும் கிட்டத்தில் குனிந்தார். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு.

"தொண்ணூத்தாறு" என்றார்.

டப் என்று ஒரு சத்தம். பெரிய வெடிச்சத்தம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், கதவை ஓங்கிச் சாத்தின மாதிரிதான் இருந்தது. மூடி போய்க் கிணற்றுச் சுவரில் அடித்தது. வெள்ளையாக ஏதோ மேலே எழும்பி விழுந்தது. என் இடது முழங்கையில் நெருப்பு வைத்தாற்போல் இருந்தது. பக்கத்திலேயே வெள்ளையடிக்க இறைத்து வைத்த அண்டா. யோசிக்காமல் கையை அதில் முக்கினேன்.

அப்புறம்தான் மாமாவைப் பார்த்தேன். மல்லாந்து விழுந்து கிடந்தார். முகத்தில் பாதி வெள்ளை. வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று மட்டும் சொன்னார். கத்தவில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

அண்டாவுக்கும் புட்டிக்கும் நடுவில்

அக்கா ஓடிவந்தாள். நான் சொம்பை எடுத்து அண்டாவில் மொண்டேன். என் மணிக்கட்டை அவள் பிடித்துக்கொண்டாள்.

"என்னாடி பண்ற? தண்ணியா? சுண்ணாம்புல தண்ணியா?"

"கண்ண கழுவணும்க்கா."

"தண்ணி பட்டுத்தானே அது வெடிச்சுது! இப்பதான் பாத்தேன், என் கண்ணால பாத்தேன்! கண்ணுக்குள்ள ஊத்திக் கொதிக்க வெக்கப் போறியா?" உள்ளே பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தாள். "வெளக்கெண்ண எடுத்தாறேன். எண்ணதான் வுடணும்."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நூர்ஜஹான் அக்கா வந்துவிட்டார், இடுப்பில் குழந்தையோடு. "யா அல்லாஹ்! தண்ணி வுடாதீங்க தனம். நான் பால் பீச்சித் தரேன், தாய்ப்பால் குளுமை" என்றார். தெருவிலிருந்து யாரோ எட்டிப் பார்த்து, "எலுமிச்சம்பழம் புழிங்க, சுண்ணாம்ப முறிச்சுடும்" என்றார்கள்.

எலுமிச்சம்பழம் என்றதும் ஒரு கணம் எனக்கே சபலம். காரத்துக்கு அமிலம், புத்தகத்தில் இருக்கிறதே. உடனே அந்தச் செம்புக் கிண்ணம் நினைவுக்கு வந்தது. அமிலமும் காரமும் சேர்ந்தால் அதுவும் சூடுதானே கிளப்பும்? அந்தச் சூட்டைத்தானே மூன்று தடவை அளந்தேன்?

என் கையைப் பார்த்தேன். முழங்கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பு போய்விட்டது, தோல் சிவந்திருந்தது. அண்டாத் தண்ணீர் சில்லென்றுதான் இருந்தது. அப்போது மண்டையில் உறைத்தது. டின்னுக்குள் கொதித்தது ஏன்? நான் தண்ணீரைக் குறைத்ததால். வந்த சூடு போக இடமில்லை. அதே சுண்ணாம்பு ஒரு சிட்டிகை அண்டாவில் விழுந்தால் அண்டாவுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

"அக்கா, கண்ணுல ஏற்கெனவே தண்ணி இருக்குக்கா! கண்ணீர் இருக்குல்ல? அந்தத் துளித் தண்ணியிலதான் இப்ப வெந்துகிட்டிருக்கு. எண்ண வுட்டா அது நிக்காது. கொஞ்சத் தண்ணிதான் கெடுதி. நெறைய ஊத்துனா சூட்டையும் அடிச்சுகிட்டுப் போயிடும், சுண்ணாம்பையும் அடிச்சுகிட்டுப் போயிடும். இங்க பாரு, என் கையப் பாரு!"

அக்கா என் கையைப் பார்த்தாள்.

"கை வேற, கண்ணு வேறடி" என்றாள். "மூடாதன்னு சொன்னப்ப மூக்கு எங்கன்னு கேட்டவதானே நீ?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கே அவள் சொன்னதுதான் சரியோ என்று தோன்றியது. கண்ணுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எந்த வகுப்பிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் போட்டது வெறும் கணக்கு. காலையில் போட்டதும் ஒரு கணக்குத்தான், அது கிணற்றுச் சுவரடியில் நெளிந்துபோய்க் கிடந்தது.

அக்கா எண்ணெய்க்கு உள்ளே ஓடினாள். சொம்பு என் கையில் தளும்பியது. ஒவ்வொரு நொடியும் அந்தக் கண் வேகிறது என்று தெரிகிறது, கை எழும்ப மாட்டேன் என்கிறது.

மாமா பேசினார். பொத்திய கையை எடுக்கவில்லை, இமை இறுகிக் கிடந்தது.

"வசந்தா."

"மாமா."

"நிச்சயமா?"

"நிச்சயம் மாமா" என்றேன்.

அவர் கையை எடுத்தார். இமைகளைத் தானே இரண்டு விரலால் பிரித்துத் திறந்தார்.

நான் ஊற்றினேன்.

முதல் சொம்பு விழுந்ததும் அவர் உடம்பு வில்லாக வளைந்தது. வாசற்படியில் எண்ணெய்ப் புட்டியோடு நின்ற அக்கா, "ஐயோ, கொன்னுட்டியேடி பாவி!" என்று அலறினாள். நான் நிறுத்தவில்லை. இரண்டாவது சொம்பு, மூன்றாவது, நாலாவது. இமையின் உள்பக்கம் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. தாவணி முனையை நனைத்துத் துடைத்து எடுத்தேன். மறுபடி ஊற்றினேன். நூர்ஜஹான் அக்கா குழந்தையை என் அக்காவிடம் திணித்துவிட்டுக் கிணற்றில் வாளியை விட்டார். "ஊத்து, நான் எறைக்கிறேன்" என்றார். அண்டா காலியாகக் காலியாக நிரப்பிக்கொண்டே இருந்தார்.

எத்தனை நேரம் என்று தெரியாது. கொல்லை முழுக்கச் சேறு. மாமாவின் உடம்பு கொஞ்சம் தளர்ந்தது. "எரியுது. ஆனா மொதல்ல மாதிரி இல்ல" என்றார்.

"தெரியுதா மாமா?"

"வெள்ளையாத்தான் தெரியுது. எல்லாம் வெள்ளையா இருக்கு."

பஸ்

கண் டாக்டர் என்றால் கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். நூர்ஜஹான் அக்கா ஓடிப்போய் ரிக்‌ஷா பிடித்து வந்தார். ஒரு குடத்தில் தண்ணீர், ஒரு கூஜாவில் தண்ணீர். பஸ்ஸில் பின்சீட்டில் மாமாவைப் படுக்க வைத்துத் தலையை அக்கா மடியில் வைத்தோம். நான் கீழே மண்டியிட்டு உட்கார்ந்து, வழி நெடுக அந்தக் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே வந்தேன்.

தண்ணீர் பஸ்ஸில் முன்னால் ஓடியது. பண்டம் பாத்திரமெல்லாம் நனைகிறது என்று ஜனங்கள் சத்தம் போட்டார்கள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வந்தார். "என்னாம்மா இது, பஸ்ஸா, குளமா? எறங்குங்க" என்றவர், மாமா முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் குடம் காலி. கூஜாவில் கொஞ்சம்தான். இனி சொட்டுச் சொட்டாகத்தான் விட முடியும், சொட்டுத் தண்ணீர்தான் ஆகாது என்று நானே கத்தியிருக்கிறேன். கண்டக்டரைப் பார்த்து அழுதேவிட்டேன். அவர் விசில் அடித்து, ஸ்டாப்பே இல்லாத இடத்தில், ஒரு டீக்கடைக்கு எதிரில் பஸ்ஸை நிறுத்தினார். அவரே குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஒரு பயலும் முணுமுணுக்கவில்லை.

அக்கா முந்தானையில் அந்த விளக்கெண்ணெய்ப் புட்டி இருந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு தடவை நான் சாய்க்கும்போதும் கூஜாவைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. இந்தக் கண் போய்விட்டால் காலத்துக்கும் என்னைப் பார்க்க மாட்டாள் என்று எனக்குப் புரிந்தது.

யாரு ஊத்துனது?

டாக்டர் கொஞ்சம் வயசானவர், சிடுசிடுப்பு. இமையைத் திருப்பிப் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"சுண்ணாம்பா? எண்ண கிண்ண ஏதாவது வுட்டீங்களா?"

"இல்லைங்க."

"தண்ணி யாரு ஊத்துனது?"

அக்கா என் பக்கம் கையை நீட்டினாள். "இவதாங்க" என்றாள். போலீஸ்காரரிடம் திருடியைக் காட்டிக் கொடுப்பதுபோல இருந்தது.

டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எவ்ளோ நேரமா?"

"ஒம்போதர... இல்ல, பத்தர மணியிலேர்ந்து சார்" என்று உளறினேன்.

"நர்ஸம்மா, இந்தப் பொண்ணுகிட்டேர்ந்து கூஜாவ வாங்கிக்குங்க. உப்புத் தண்ணி கொண்டாங்க, இன்னும் அரை மணி கழுவணும்" என்றார். பிறகு குனிந்தபடியே, "பொழைக்குமான்னு இப்ப கேக்காதீங்க. கட்டுப் பிரிக்கறப்ப பாப்போம்" என்றார்.

கூஜாவைக் கொடுத்த பிறகுதான் என் கையைப் பார்த்தேன். முழங்கைத் தோல் உரிந்து தொங்கியது. அதுவரை வலிக்கவே இல்லை.

கட்டு

கடலூரிலேயே செம்மண்டலத்தில் சித்தி வீடு இருந்தது. அங்கே தங்கி ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். அக்கா உள்ளே மாமா பக்கத்தில் இருப்பாள். நான் வராந்தாவில் இருப்பேன். சோறு கொண்டுபோனால் வாங்கிக்கொள்வாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். வாசலில் தெற்கு வீதிக் கடைக்காரர்கள் யாராவது விசாரிக்க வந்தால், "இன்னும் தெரியலிங்க" என்பாள்.

பொங்கல் வந்து போனது. எங்கள் வீட்டுச் சுவர் அந்த வருஷம் அழுக்காகவே இருந்தது.

கட்டுப் பிரிக்கிற அன்றைக்கு டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். ஜன்னலைப் பாதி சாத்திவிட்டுப் பஞ்சை எடுத்தார். நல்ல கண்ணைக் கையால் மறைத்தார். மாமா வலது கண்ணைத் திறந்தார், சிவந்து கலங்கியிருந்தது. ஓரத்தில் அரிசி முனை அளவுக்கு வெண்மையாக ஒரு மங்கல்.

"எதிர்ல என்ன தெரியுது?"

மாமா சுவரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மாமா மெதுவாகத் தன் மணிக்கட்டைத் தூக்கி அதிலிருந்த வாட்சைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"உங்க கடியாரம் நாலு நிமிஷம் ஸ்லோ டாக்டர்" என்றார்.

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். டாக்டர்கூடச் சிரித்துவிட்டார். நான் வராந்தாவுக்கு ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். சிரித்தேனா அழுதேனா என்று நினைவில்லை.

முழுசாகத் திரும்பவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த அரிசி முனை மங்கல் கடைசிவரை இருந்தது. பெண்கள் கட்டுகிற சின்ன வாட்சுகளை வலது கண்ணால் பார்க்க முடியவில்லை. மாமா லென்ஸை இடது கண்ணுக்கு மாற்றிக்கொண்டார். இருபது வருஷப் பழக்கத்தை மாற்றுவது என்றால் சும்மாவா? அந்த மூன்று மாதம் எத்தனை ஸ்க்ரூ கீழே விழுந்தது, எத்தனை வாட்சைத் திருப்பிக் கொடுத்தார் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு சாயங்காலமும் நான் காலேஜிலிருந்து நேரே கடைக்குப் போய்த் தரையில் தவழ்ந்து தேடுவேன். அந்த மூன்று மாதமும்தான் அக்கா என்னோடு பேசவில்லை.

இடது கண்ணால் மாமா முதல் வாட்சை முடித்துக் கொடுத்த அன்றைக்கு, அக்கா தட்டில் சோறு போட்டுவிட்டு, "கொழம்பு போதுமாடி?" என்றாள். போதும் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

ஒரு கேள்வி

ரொம்ப வருஷம் கழித்து, நான் வேலையில் சேர்ந்து பிள்ளை குட்டியெல்லாம் ஆன பிறகு, ஒரு லீவுக்குச் சிதம்பரம் போயிருந்தேன். மாமா கடையில் ஸ்டூலில் இருந்தார், நான் எதிரில். பேச்சு எங்கெங்கோ போய் அந்தக் கொல்லைக்கு வந்தது. இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்ததை அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

"மாமா, அன்னைக்கு நிச்சயமான்னு கேட்டீங்களே. எனக்கு நிச்சயமே இல்ல மாமா. பொய் சொன்னேன்."

இடது கண்ணில் லென்ஸோடு அவர் ஒரு சக்கரத்தைப் பொருத்திக்கொண்டிருந்தார். கையை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா? அப்புறம் எதுக்குக் கேட்டீங்க?"

சக்கரத்தை வைத்து முடித்தார். லென்ஸைக் கழற்றினார்.

"எண்ணையா தண்ணியான்னு எனக்கு என்னா தெரியும் வசந்தா? ஒண்ணுதான் தெரியும். எத வுட்டாலும் நான் கண்ணத் தொறந்தாத்தான் உள்ள போவும். அந்த வலியில எனக்குத் தொறக்க முடியல. யாராவது ஒருத்தர் நிச்சயம்னு சொன்னாத் தொறந்துடலாம்னு இருந்துது. உங்கக்காவக் கேட்டா அழுவா. அதான் உன்னக் கேட்டேன்."